அவுட்புட் பின் அடம்பிடிக்கிறதா? அறிகுறி வாரியாகப் பிழை தேடும் முறை

அர்டுயினோ உனோ போன்ற மைக்ரோகன்ட்ரோலர் போர்டில் கோடு (நிரல்) ஏற்றியாகிவிட்டது. அப்லோடு முடிந்தது என்று திரையும் சொல்லிவிட்டது. அவுட்புட் பின்னில் (சைகை வெளியே வரும் காலில்) மாட்டிய எல்இடி மட்டும் எரியவில்லை. இந்த இடத்தில் பலரும் முதலில் எடுக்கிற முடிவு, "பின் போயிடுச்சு." போர்டை ஓரமாக வைத்துவிட்டுப் புதிய போர்டைத் தேடப் போய்விடுவார்கள். ஆனால் செத்துவிட்டது என்று என் கைக்கு வந்த பின்களில் பெரும்பாலானவை உயிரோடுதான் இருந்தன. கோளாறு வயரில் இருந்தது, பின் எண்ணில் இருந்தது, கிரவுண்டில் (0 வோல்ட் இணைப்பில்) இருந்தது, விட்டுப்போன ஒரு வரிக் கோடில் இருந்தது.

ஒருமுறை ஒரு மாலை முழுவதையும் ஒரே ஒரு எல்இடிக்காகச் செலவழித்தேன். கோடை மாற்றினேன், பின்னை மாற்றினேன், போர்டையே மாற்றினேன். கடைசியில் ஜம்பர் வயர் தற்செயலாக வளைந்தபோது எல்இடி மினுக்கியது. வயரின் முனையில் இருந்த கருப்பு பிளாஸ்டிக் உறையை ஊசியால் நெம்பிக் கழற்றிப் பார்த்தால், உள்ளே செப்பு இழைகளில் ஒன்றே ஒன்றுதான் உலோக முனையைத் தொட்டுக்கொண்டிருந்தது. மற்றவை எல்லாம் அறுந்திருந்தன. வெளியே பார்த்தால் புது வயர் போலத்தான் இருந்தது. அன்றிலிருந்து எனக்கு ஒரே ஒரு வழக்கம்: பின்னில் மாட்டியிருப்பதை எல்லாம் கழற்றிவிட்டு, வெறும் பின்னை அளப்பேன். கோளாறு பின்னுக்கு உள்ளேயா வெளியேயா என்று தெரியும் முன் வேறு எதையும் தொடமாட்டேன்.

முதலில் வெறும் பின்

மல்டிமீட்டர் ஒன்று, 1 கிலோஓம் ரெசிஸ்டர் ஒன்று, நல்லது என்று நிச்சயமாகத் தெரிந்த ஓரிரு வயர்கள். இவை போதும்.

உங்கள் பெரிய கோடை ஒதுக்கி வையுங்கள். சந்தேகப்படும் ஒரே ஒரு பின்னை மட்டும் அவுட்புட்டாக அமைத்து, 2 விநாடி ஹை (வோல்டேஜ் உள்ள நிலை), 2 விநாடி லோ (0 வோல்ட்) என்று மாற்றிக்கொண்டே இருக்கும் சிறு நிரலை ஏற்றுங்கள். அரை விநாடி வைத்தால் மீட்டர் நிலைகொள்வதற்குள் அளவு மாறிவிடும். அதனால்தான் 2 விநாடி. மீட்டரை டிசி வோல்டில் வைத்து, கருப்பு முனையைப் போர்டின் கிரவுண்ட் பின்னிலேயே வையுங்கள். பிரெட்போர்டின் (வயர் செருகும் துளைப் பலகையின்) நீலக் கோட்டில் வேண்டாம். அந்தக் கோடே அறுந்திருக்கலாம். சிவப்பு முனையைப் பின்னில் வையுங்கள்.

உனோ போன்ற 5 வோல்ட் போர்டில் 0-க்கும் ஏறத்தாழ 5-க்கும் இடையில் மாறவேண்டும். ஈஎஸ்பி32, பைக்கோ, ஈஎஸ்பி8266 போன்றவற்றில் 0-க்கும் 3.3-க்கும் இடையில். யூஎஸ்பியில் ஓடும் உனோவில் 4.7 என்று காட்டினால் பதற வேண்டாம். கேபிளிலும் போர்டிலும் கொஞ்சம் இழப்பு உண்டு. போர்டின் 5 வோல்ட் பின்னையும் அளந்து பாருங்கள், அங்கும் அதே அளவுதான் இருக்கும்.

இப்படி ஒழுங்காக மாறினால், கோளாறு அநேகமாகப் பின்னுக்கு வெளியே. மாறாவிட்டால் கோடிலோ, எண்ணிலோ, பின்னிலோ. "அநேகமாக" என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. எல்இடி மங்கலாக எரியும் அறிகுறியில் அதற்கு வருகிறேன்.

அறிகுறி: பின்னில் அசைவே இல்லை, எப்போதும் 0

முதல் சந்தேகம் எண்ணின் மேல். போர்டில் அச்சடித்திருக்கும் எண்ணும், கோடில் எழுதும் எண்ணும், சிப்பின் உள்ளே உள்ள எண்ணும் ஒன்றாகவே இருக்கவேண்டும் என்ற கட்டாயம் எங்கும் இல்லை.

ஈஎஸ்பி8266 சிப் உள்ள நோட்எம்சியு போர்டில் டி4 என்று அச்சடித்திருக்கும் பின் உண்மையில் ஜிபிஐஓ 2 (ஜிபிஐஓ என்பது சிப்பின் உள் எண்). டி1 என்பது ஜிபிஐஓ 5, டி2 என்பது ஜிபிஐஓ 4, டி3 என்பது ஜிபிஐஓ 0. கோடில் வெறும் 4 என்று எழுதிவிட்டு டி4-இல் எல்இடியை மாட்டினால், ஹை போய்ச் சேருவது டி2-க்கு. கோடில் டி4 என்றே எழுதினால் இந்தச் சிக்கல் இல்லை. பைக்கோவில் இன்னொரு விதம்: ஜிபி15 என்பது போர்டின் ஓரத்தில் எண்ணினால் 20-ஆவது கால். இடையிடையே கிரவுண்ட் கால்கள் வருவதால் இரண்டு வரிசை எண்களும் விலகிக்கொண்டே போகும். கோடில் எழுதவேண்டியது ஜிபி எண்தான்.

சி மொழிக் கோடில் பின் எண்ணுக்கு முன்னால் அழகுக்காக பூஜ்யம் போடும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். 010 என்று எழுதினால் கம்பைலர் அதை எட்டின் அடிமான எண்ணாக எடுத்துக்கொண்டு 8-ஆம் பின்னை இயக்கும். எந்த எச்சரிக்கையும் வராது.

அடுத்த சந்தேகம்: அந்தப் பின்னுக்கு அவுட்புட் வசதியே இருக்கிறதா? ஈஎஸ்பி32-இல் ஜிபிஐஓ 34, 35, 36, 39 ஆகிய நான்கும் இன்புட் மட்டுமே. அவுட்புட் ஓட்டும் சுற்றே உள்ளே கிடையாது. நானோவில் ஏ6, ஏ7 இரண்டும் அனலாக் இன்புட்டுக்கு மட்டும். ஏ0 முதல் ஏ5 வரை டிஜிட்டல் அவுட்புட்டாகத் தாராளமாகப் பயன்படும், இந்த இரண்டு மட்டும் ஆகாது. கோடு எந்தப் பிழையும் காட்டாமல் கம்பைல் ஆகிவிடும் என்பதால், இந்தக் குழியில் விழுந்தவர்கள் மணிக்கணக்கில் வயரைக் குடைந்துகொண்டிருப்பார்கள்.

மூன்றாவது: பின்னை ஏற்கனவே வேறு யாரோ பிடித்து வைத்திருக்கலாம். உனோவில் 0, 1 இரண்டும் சீரியலுக்கு (கணினியோடு பேசும் இணைப்புக்கு). சீரியலைத் தொடங்கிவிட்டால் அவை உங்கள் கைக்கு வராது. வெளி சிப்களோடு பேச உதவும் எஸ்பிஐ நூலகத்தைத் தொடங்கினால் 13-ஆம் பின் அதன் கிளாக் பின்னாகிவிடும். அதே வேலைக்கான இன்னொரு முறையான ஐ2சி தொடங்கினால் ஏ4, ஏ5 போய்விடும். நீலநிற எஸ்டிஎம்32எஃப்103 போர்டில் பிஏ15, பிபி3, பிபி4 மூன்றும் ரீசெட்டிலிருந்து எழும்போதே ஜேடேக் (சிப்பின் உள்ளே பிழை தேடும் இணைப்பு) பின்களாக எழுகின்றன. ஜேடேக்கை அணைத்து, குறைந்த பின்களில் அதே வேலையைச் செய்யும் எஸ்டபிள்யூடியை மட்டும் வைத்துக்கொண்டால்தான் அவை சாதாரணப் பின்களாகும். அதே சிப்பில் நூலகம் இல்லாமல் நேரடியாக ரெஜிஸ்டரில் (சிப்பின் உள் அமைப்பு இடத்தில்) எழுதுபவர்களுக்கு ஒரு குறிப்பு: அந்தப் போர்ட்டுக்கு (பின்களின் தொகுதிக்கு) கிளாக் (அதை இயக்கும் துடிப்பு) கொடுத்தீர்களா என்று பாருங்கள். கிளாக் இல்லாத போர்ட்டில் எவ்வளவு எழுதினாலும் அது காற்றில் எழுதியதுதான்.

பைக்கோவில் ஓடிய மினுக்கு நிரல் பைக்கோ டபிள்யூவில் ஓடவில்லை என்ற கேள்வியும் இங்கேதான் சேரும். முதல் பைக்கோவில் போர்டு எல்இடி ஜிபி25-இல் இருக்கிறது. டபிள்யூவில் அது வைஃபை சிப்பின் பின்னில் இருக்கிறது. மைக்ரோபைத்தானில் எண்ணைக் கொடுக்காமல் எல்இடி என்ற பெயரையே கொடுத்தால் எரியும்.

இத்தனையும் சரியென்றால், நிரல் உண்மையிலேயே ஓடுகிறதா என்று பாருங்கள். அதே நிரலில் சீரியலுக்கு ஒரு வரி அச்சடிக்கச் சொல்லுங்கள். ஒன்றும் வராவிட்டால் போர்டு வேறு எங்கோ மாட்டிக்கொண்டிருக்கிறது. பின்னைத் திட்டிப் பயனில்லை.

அறிகுறி: எல்இடி மங்கலாக எரிகிறது

புதிதாகத் தொடங்குபவர்களை அதிகம் குழப்பும் அறிகுறி இதுதான் என்று நினைக்கிறேன். வெறும் பின்னை அளந்தால் 5 வோல்ட் முழுசாகக் காட்டும். எல்இடியை மாட்டினால் இருட்டில்தான் தெரியும் அளவுக்கு மங்கல். முன்பு "அநேகமாக" என்று சொன்னதற்குக் காரணமும் இதுவே.

ஏவிஆர் வகைப் போர்டுகளில், அதாவது உனோ, நானோ, மெகா போன்றவற்றில், பின்மோட் வரியை (பின் இன்புட்டா அவுட்புட்டா என்று சொல்லும் வரியை) எழுத மறந்துவிட்டால் பின் இன்புட்டாகவே இருக்கும். அதில் டிஜிட்டல்ரைட் மூலம் ஹை எழுதினால், சிப் உள்ளிருக்கும் புல்-அப் ரெசிஸ்டரை (பின்னை மெல்ல ஹை பக்கம் இழுப்பதை) இணைத்துவிடும். ஏடிமெகா328பி சிப்பில் அதன் மதிப்பு 20 முதல் 50 கிலோஓம். அவ்வளவு பெரிய ரெசிஸ்டர் வழியாக எல்இடிக்கு வருவது ஏறத்தாழ 0.1 மில்லிஆம்பியர். மல்டிமீட்டர் கிட்டத்தட்ட கரண்டே எடுக்காது என்பதால் அதன் கண்ணுக்கு 5 வோல்ட் தெரியும். எல்இடியின் வயிற்றுக்கு அது போதாது.

ஆகவே இரண்டாவது அளவு ஒன்று எடுங்கள். பின்னுக்கும் கிரவுண்டுக்கும் இடையில் அந்த 1 கிலோஓம் ரெசிஸ்டரை மாட்டிவிட்டு, பின் ஹையில் இருக்கும்போது அளங்கள். ஆரோக்கியமான அவுட்புட் பின் 5 மில்லிஆம்பியரை அலட்டிக்கொள்ளாமல் கொடுக்கும். வோல்டேஜ் ஒரு 0.1 அல்லது 0.2 மட்டுமே இறங்கும். அது புல்-அப் மட்டும்தான் என்றால் அளவு அப்படியே 0.2 வோல்டுக்கு அருகில் சரிந்துவிடும். பின்மோட் வரியைச் சேருங்கள், அல்லது அதில் வேறு எண் எழுதியிருக்கிறதா பாருங்கள். மேலே 7-ஐ அவுட்புட் ஆக்கிவிட்டுக் கீழே 8-இல் எழுதிக்கொண்டிருக்கும் கோடுகள் நிறையப் பார்த்திருக்கிறேன்.

இந்தச் சுமைச் சோதனையில் பின் தேறிவிட்டால், மங்கலுக்குக் காரணம் வெளியே. ரெசிஸ்டரின் நிறங்களை வெளிச்சத்தில் பாருங்கள்: பழுப்பு-கருப்பு-சிவப்பு 1 கிலோஓம், பழுப்பு-கருப்பு-ஆரஞ்சு 10 கிலோஓம். மங்கிய விளக்கில் சிவப்பும் ஆரஞ்சும் ஒன்று போலத்தான் தெரியும். நீலம், வெள்ளை எல்இடிகளுக்குத் தாங்களே ஏறத்தாழ 3 வோல்ட் வேண்டும், 3.3 வோல்ட் பின்னில் ரெசிஸ்டருக்கு மிஞ்சுவது கொஞ்சம்தான், அதனால் மங்கல் இயல்பு. அதே இடத்தில் சிவப்பு எல்இடியை மாட்டிப் பார்த்தால் உறுதியாகிவிடும்.

அறிகுறி: ஹை கொடுத்தால் அணைகிறது, லோ கொடுத்தால் எரிகிறது

இது பிழையே இல்லை, இணைப்பு அப்படி. நோட்எம்சியுவில் ஜிபிஐஓ 2-இல் உள்ள எல்இடியும், நீலநிற எஸ்டிஎம்32 போர்டின் பிசி13 எல்இடியும் 3.3 வோல்டிலிருந்து பின்னை நோக்கி இணைக்கப்பட்டவை. பின் லோ ஆனால்தான் கரண்ட் ஓடும். ரிலே (சுருளால் இயங்கும் சுவிட்ச்) மாட்யூல்களில் பலவும் இதே வகை. கோடின் தொடக்கத்திலேயே "ஆன்" என்பதற்கு லோ, "ஆஃப்" என்பதற்கு ஹை என்று பெயர் வைத்துக்கொண்டால் பிறகு குழப்பம் வராது.

பிசி13 பற்றி ஒரு எச்சரிக்கை. அந்தச் சிப்பில் பிசி13, 14, 15 மூன்றும் பலவீனமான பின்கள். உள்வாங்குவதே 3 மில்லிஆம்பியர் வரைதான், வெளியே கரண்ட் கொடுக்க அவற்றைப் பயன்படுத்தவே கூடாது. போர்டு எல்இடி அங்கே எரிகிறதே என்று வெளியிலும் ஒன்றை மாட்டாதீர்கள்.

அறிகுறி: பின் சரியாக மாறுகிறது, ரிலேயோ மோட்டாரோ அசையவில்லை

பின் என்பது சைகை காட்டும் விரல். சுமை தூக்கும் தோள் இல்லை. உனோ ஆர்3-இன் ஒரு பின்னுக்கு உச்ச வரம்பு 40 மில்லிஆம்பியர். அது தாண்டக்கூடாத எல்லை, நாம் திட்டமிட வேண்டியது 20-க்குள். சிப் முழுவதற்கும் சேர்த்து 200. ஈஎஸ்பி8266-இல் ஒரு பின்னுக்கு 12. பைக்கோவின் தொடக்க அமைப்பு 4 மில்லிஆம்பியர் ஓட்டும் திறன். கோடில் 12 வரை உயர்த்தலாம், ஆனால் எல்லாப் பின்களும் சேர்ந்து 50-ஐத் தாண்டக்கூடாது. உனோ ஆர்4 வாங்கியவர்கள் கவனிக்க: வெளித்தோற்றம் பழைய உனோதான், உள்ளே இருப்பது வேறு சிப், பின்னுக்கு 8 மில்லிஆம்பியர் மட்டுமே. ஆர்3-இல் வருடக்கணக்கில் ஓடிய சுற்றை அப்படியே ஆர்4-க்கு மாற்றினால் பின் திணறும்.

இதோடு ஒப்பிட்டால், சிறிய 5 வோல்ட் ரிலேயின் சுருள் ஏறத்தாழ 70 ஓம். அதாவது 70 மில்லிஆம்பியர். நேரடியாகப் பின்னில் மாட்டினால் அசையாது, அசைந்தாலும் பின்னைத் தின்றுவிடும். நடுவில் ஒரு டிரான்சிஸ்டர் வேண்டும். பிசி547 போதும். பேஸுக்கு 1 கிலோஓம், எமிட்டர் கிரவுண்டுக்கு, ரிலே கலெக்டரில், சுருளுக்குக் குறுக்கே ஒரு 1என்4007 டையோடு. டையோடின் வெள்ளிக் கோடு நேர்முனைப் பக்கம் இருக்கவேண்டும். கால் வரிசையைத் தவறாக எடுப்பது இங்கே நடக்கும் பெரிய பிழை. பிசி547-இன் தட்டைப் பக்கம் உங்களைப் பார்த்தபடி, கால்கள் கீழே இருந்தால், இடமிருந்து கலெக்டர், பேஸ், எமிட்டர். வேறு எண்ணுள்ள டிரான்சிஸ்டருக்கு இதே வரிசை என்று நம்பிவிடாமல் டேட்டாஷீட்டைப் பாருங்கள்.

மோட்டாருக்குத் தனி பேட்டரி வைத்திருக்கிறீர்களா? அப்படியானால் பேட்டரியின் எதிர்முனையும் போர்டின் கிரவுண்டும் இணைந்திருக்கின்றனவா என்று பாருங்கள். பின்னின் 5 வோல்ட் என்பது போர்டின் கிரவுண்டிலிருந்து 5 வோல்ட். மோட்டாரை ஓட்டும் டிரைவர் சுற்றின் கிரவுண்ட் வேறு எங்கோ மிதந்துகொண்டிருந்தால், அதற்கு உங்கள் ஹை எந்த உயரத்தில் இருக்கிறது என்றே தெரியாது. மீட்டரின் கருப்பு முனையை டிரைவரின் கிரவுண்டில் வைத்து அதே பின்னை அளந்து பாருங்கள். அளவு பொருளில்லாமல் அலைந்தால் இதுதான் காரணம். ஒரே ஒரு வயர், வேலை முடிந்தது.

மாஸ்ஃபெட் (சுவிட்சாகப் பயன்படும் ஒரு வகை டிரான்சிஸ்டர்) பயன்படுத்துபவர்களுக்கு: ஐஆர்எஃப்520, ஐஆர்எஃப்இசட்44என் போன்றவை கேட் எனும் காலில் 10 வோல்ட் கிடைத்தால் முழுசாகத் திறப்பவை. 3.3 வோல்டில் அரைகுறையாகத் திறந்து, மோட்டாரைச் சோம்பலாகச் சுற்றவிட்டு, தானே சூடாகும். தொட்டுப் பார்த்தால் கை சுடும், கவனம். 5 வோல்ட் பின்னுக்கு ஐஆர்எல்இசட்44என் பொருந்தும். 3.3 வோல்டுக்கு ஏஓ3400 போல 2.5 வோல்டிலேயே திறப்பதாக டேட்டாஷீட்டில் எழுதியிருக்கும் மாஸ்ஃபெட்டைத் தேடுங்கள்.

இன்னொன்று, இது 3.3 வோல்ட் போர்டுகளுக்கே உரிய தலைவலி: 5 வோல்ட் ரிலே மாட்யூல் ஆன் ஆகிறது, ஆஃப் ஆகமாட்டேன் என்கிறது. லோ தூண்டல் வகை (பின் லோ ஆனால் ஆன் ஆகும்) மாட்யூல் தன் 5 வோல்டுக்கும் உங்கள் பின்னுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்க்கிறது. பின் 3.3-இல் இருந்தாலும் 1.7 வோல்ட் மிச்சம் இருக்கிறது. சில மாட்யூல்களுக்கு அந்த மிச்சமே ரிலேயைப் பிடித்து வைக்கப் போதும். ஜேடி-விசிசி ஜம்பர் உள்ள மாட்யூல் என்றால், ஜம்பரைக் கழற்றி, விசிசிக்கு 3.3, ஜேடி-விசிசிக்கு 5 கொடுங்கள், பெரும்பாலும் சரியாகிவிடும். ஜம்பர் இல்லாத வகைக்கு இடையில் ஒரு டிரான்சிஸ்டர் வைப்பதுதான் சுத்தமான தீர்வு. அப்போது ஹை, லோ தலைகீழாகும் என்பதை நினைவில் வையுங்கள்.

நிறம் மாறும் டபிள்யூஎஸ்2812 எல்இடி பட்டைகளிலும் இதே கதைதான். 5 வோல்டில் ஓடும் பட்டை 3.5 வோல்டுக்கு மேல் இருந்தால்தான் ஹை என்று உறுதியாக எடுத்துக்கொள்ளும். 3.3 கொடுத்தால் சில நாள் ஓடும், சில நாள் நிறம் சிதறும். 74எச்சிடி125 போன்ற ஒரு சிப் இடையில் இருந்தால் அமைதியாகிவிடும்.

அறிகுறி: பவர் கொடுத்ததும் ரிலே தானாக ஒருமுறை துடிக்கிறது

ரீசெட்டிலிருந்து உங்கள் கோடின் முதல் வரி ஓடும் வரை பின்கள் பெரும்பாலும் இன்புட்டாக மிதக்கின்றன. அந்தச் சிறு இடைவெளியில் ரிலே எதை வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளும். மென்பொருளால் இதை முழுக்க சரிசெய்ய முடியாது, ரெசிஸ்டர்தான் வழி. லோ தூண்டல் வகைக்குப் பின்னிலிருந்து போர்டின் சப்ளைக்கு 10 கிலோஓம், ஹை தூண்டல் வகைக்குப் பின்னிலிருந்து கிரவுண்டுக்கு 10 கிலோஓம். உனோவில் இன்னொரு சிறு உபாயமும் உண்டு: லோ தூண்டல் ரிலேக்கு டிஜிட்டல்ரைட் ஹை வரியை முதலில் எழுதி, அதன் பிறகு பின்மோட் அவுட்புட் எழுதுங்கள். வரிசை மாறினால் பின் ஒரு கணம் லோவாக எழுந்து ரிலேயைத் தட்டிவிடும்.

ஈஎஸ்பி வகைகளில் பின்னைத் தேர்ந்தெடுப்பதே பாதி தீர்வு. ஈஎஸ்பி8266-இல் ஜிபிஐஓ 0, 2 இரண்டும் தொடங்கும்போது ஹையாகவும், 15 லோவாகவும் இருந்தாக வேண்டும். உங்கள் ரிலே அவற்றை எதிர்த்திசையில் இழுத்தால் போர்டு எழவே எழாது. ஈஎஸ்பி32-இல் ஜிபிஐஓ 12 தொடக்கத்தில் ஹையாக இருந்தால் ஃப்ளாஷ் நினைவகத்துக்கு 1.8 வோல்ட் என்று எடுத்துக்கொண்டு முடங்கிவிடும். "ரிலேயைக் கழற்றினால் போர்டு ஓடுகிறது, மாட்டினால் ஓடவில்லை" என்றால் முதலில் இதைத்தான் பார்க்கவேண்டும். ஜிபிஐஓ 6 முதல் 11 வரை ஃப்ளாஷுக்கே சொந்தம். தொட்டால் நிரல் விழுந்துவிடும்.

அறிகுறி: கொஞ்ச நேரம் ஓடுகிறது, பிறகு போர்டு ரீசெட் ஆகிறது

சுமை ஆன் ஆகும் அதே நொடியில் ரீசெட் என்றால் சப்ளை சரிகிறது. ஈஎஸ்பி32 சீரியலில் பிரவுன்அவுட் (வோல்டேஜ் சரிந்தது) என்று தானே சொல்லிவிடும். மோட்டாருக்கும் செர்வோவுக்கும் தனி சப்ளை கொடுங்கள், கிரவுண்டை மட்டும் பொதுவாக வையுங்கள். ஆஃப் ஆகும் நொடியில் ரீசெட் என்றால் சுருளின் எதிர்வீச்சு. டையோடு இல்லை, அல்லது திருப்பி மாட்டியிருக்கிறது.

அறிகுறி: பிடபிள்யூஎம் கொடுத்தால் பாதி வெளிச்சம் வராமல் ஆன் அல்லது ஆஃப் மட்டும்

உனோவில் பிடபிள்யூஎம் (வேகமாக ஆன்-ஆஃப் செய்து சராசரியை மாற்றும் முறை) உள்ளவை 3, 5, 6, 9, 10, 11. மற்றவற்றில் அனலாக்ரைட் எழுதினால் 128-க்குக் கீழே லோ, அதற்கு மேல் ஹை, அவ்வளவுதான். சரியான பின்னில் எழுதியும் வரவில்லை என்றால் டைமர் தகராறு. செர்வோ நூலகம் 9, 10-இன் பிடபிள்யூஎம்மை எடுத்துக்கொள்ளும். டோன் கட்டளை 3, 11-இல் தலையிடும். பின்னை மாற்றுவது எளிது.

அறிகுறி: வோல்டேஜ் நடுவில் நிற்கிறது, அல்லது ஹையிலேயே ஒட்டிக்கொள்கிறது

5 வோல்ட் போர்டில் 2 அல்லது 3 வோல்ட் என்று நிலையாகக் காட்டினால் உடனே பவரை எடுங்கள். பிடபிள்யூஎம் ஓடுகிறது என்றால் மீட்டர் சராசரியைக் காட்டுகிறது, பிரச்சினை இல்லை. அது இல்லையென்றால் இரண்டு அவுட்புட்கள் ஒன்றையொன்று எதிர்த்து இழுத்துக்கொண்டிருக்கின்றன: உங்கள் பின் ஹைக்கு, அதே வரிசையில் தவறி மாட்டிய சென்சாரின் அவுட்புட் லோவுக்கு. பிரெட்போர்டில் ஒரு துளை தள்ளி மாட்டினாலே இது நடக்கும். சிப்பின் மேல் விரல் வைத்தால் வெதுவெதுப்பு தெரியும். உனோவில் இதைக் கோடாலும் பிடிக்கலாம்: ஹை எழுதிய உடனே அதே பின்னை டிஜிட்டல்ரீட் செய்யுங்கள். பின்னில் உண்மையில் இருக்கும் நிலைதான் திரும்பி வரும். லோ என்று வந்தால் வெளியே யாரோ அமுக்குகிறார்கள்.

கை அருகில் போனால் அளவு அலைகிறது என்றால் பின் மிதக்கிறது. ஹெடர் பின்களை (போர்டின் ஓரத்துளைகளுக்கான கம்பி வரிசையை) சால்டர் செய்யாமல் துளையில் செருகி மட்டும் வைத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். தொட்டுக்கொண்டிருப்பது போலத் தெரியும், தொடாது. நீளமான பிரெட்போர்டுகள் சிலவற்றில் பவர் கோடு நடுவில் துண்டாகியிருக்கும். சிவப்பு, நீலக் கோடுகளின் அச்சு அங்கே விட்டுப்போயிருப்பதே அடையாளம்.

ஹையிலேயே ஒட்டியிருந்தால் நிபந்தனை வரிகளில் இரட்டைச் சமக்குறிக்குப் பதில் ஒற்றை விழுந்திருக்கிறதா பாருங்கள். ஈஎஸ்பி32-இல் ஆழ்துயிலுக்காகப் போட்ட ஹோல்டை (பின்னின் நிலையைப் பிடித்து வைக்கும் கட்டளையை) எழுந்தபின் எடுக்காவிட்டாலும் பின் பழைய நிலையிலேயே உறைந்து நிற்கும்.

பின் உண்மையிலேயே செத்துவிட்டதா?

இவ்வளவும் பார்த்த பிறகுதான் இந்தக் கேள்விக்கு வரவேண்டும். இரண்டு சோதனைகள் போதும்.

ஒன்று, பவரோடு. 1 கிலோஓமைப் பின்னிலிருந்து கிரவுண்டுக்கு மாட்டி ஹையை அளங்கள். பிறகு அதே ரெசிஸ்டரைப் பின்னிலிருந்து சப்ளைக்கு மாட்டி லோவை அளங்கள். ஒவ்வொரு பின்னுக்குள்ளும் மேலே இழுக்க ஒரு டிரான்சிஸ்டர், கீழே இழுக்க ஒரு டிரான்சிஸ்டர். ஒன்று மட்டும் எரிந்துபோவது சகஜம். ஹை சரிந்து லோ நன்றாக இருந்தால் மேல் டிரான்சிஸ்டர் போயிருக்கிறது. நேர்மாறாக இருந்தால் கீழ் டிரான்சிஸ்டர்.

இரண்டு, பவர் இல்லாமல். யூஎஸ்பி உட்பட எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, மீட்டரை டையோடு நிலையில் வையுங்கள். இந்த முறை சிவப்பு முனை கிரவுண்டில், கருப்பு முனை பின்னில். பின்னுக்குள் இருக்கும் பாதுகாப்பு டையோடு 0.5 முதல் 0.7 வரை ஏதோ ஓர் அளவு காட்டும். எண் முக்கியமில்லை, பக்கத்துப் பின்களோடு ஒப்பிடுவதுதான் முக்கியம். வரிசையாக ஏழெட்டுப் பின்களைத் தொட்டுக்கொண்டே போங்கள். எல்லாம் ஒரே மாதிரி சொல்லும்போது ஒன்று மட்டும் 0-க்கு அருகில் காட்டினால் உள்ளே ஷார்ட். ஒன்று மட்டும் திறந்த சுற்று என்று காட்டினால் உள் இணைப்பு அறுந்திருக்கிறது, அல்லது சால்டர் விரிசல். போர்டு எல்இடி போன்ற ஏதாவது இணைந்திருக்கும் பின் கொஞ்சம் வேறுபடலாம், அதை மட்டும் கழித்துக்கொள்ளுங்கள்.

செத்தது உறுதியானால் ஒரு பின்னுக்காகப் போர்டைக் கைவிட வேண்டியதில்லை. பவர் கொடுத்து எதுவும் மாட்டாமல் 5 நிமிடம் வைத்து சிப்பைத் தொட்டுப் பாருங்கள். வழக்கமான சூட்டில் இருந்தால் வேறு பின்னுக்கு மாறிக்கொள்ளுங்கள். கெட்ட பின்னின் துளையில் சிறு துண்டு டேப்பை ஒட்டுங்கள். ஆறு மாதம் கழித்து அதே போர்டை எடுக்கும்போது அது ஒரு மாலையை மிச்சப்படுத்தும். பின் உள்ளே ஷார்ட் ஆகியிருந்தால் கோடில் அதை இன்புட்டாகவே விட்டுவிடுங்கள். எதுவும் மாட்டாமலேயே சிப் சுடுகிறது என்றால் அந்தப் போர்டைக் கணினியின் யூஎஸ்பியில் இனி மாட்டாதீர்கள். உனோவில் 28 கால் நீளச் சிப் சாக்கெட்டில் அமர்ந்த வகை உங்களிடம் இருந்தால், சிப்பை மட்டும் தட்டையான ஸ்க்ரூடிரைவரால் இரு முனையிலும் மாறி மாறி மெதுவாக நெம்பி எடுத்துப் புதியதை மாற்றலாம். வாங்கும்போது பூட்லோடர் (யூஎஸ்பி வழியே கோடு ஏற்ற உதவும் சிறு நிரல்) ஏற்றிய சிப்பா என்று கேட்டு வாங்குங்கள். மாட்டும்போது சிப்பின் பிறைக்குழி சாக்கெட்டின் பிறைக்குழியோடு ஒரே பக்கம் இருக்கவேண்டும்.